பாரசீகர் காலத்து யூதர்கள் பற்றிய இணையப் பாடம்: காசு கொடுத்து வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். குறைகள் இருக்கின்றன, அவற்றில் இரண்டு நிஜமாகவே பெரியவை, சேவையிலும் எரிச்சல் பட்டேன், எல்லாவற்றையும் கீழே எழுதுகிறேன், ஆனாலும் வாங்கலாம். பாரசீகப் பேரரசின் கீழ் யூதர்கள் வாழ்ந்த இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளைப் பற்றிய பாடம் இது. கி.மு. 539-இல் சைரஸ் பாபிலோனைப் பிடித்ததிலிருந்து 332-இல் அலெக்சாந்தர் வந்து சேரும் வரை. பதிவு செய்யப்பட்ட பதினான்கு விரிவுரைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம், கூடவே மூல ஆவணங்களின் மொழிபெயர்ப்புகள் உள்ள ஒரு பிடிஎஃப். நல்ல கெட்டி அட்டைப் புத்தகம் நாலு வாங்குகிற காசு ஆகிறது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே தலைப்பில் வேறு இடத்தில் பாடம் தேடுபவர்களுக்கும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று இது உதவினால் போதும்.

நான் ஏன் வாங்கினேன் என்றால், வேதாகமத்தின் எஸ்றா, நெகேமியா, எஸ்தர் புத்தகங்கள் எல்லாம் சின்ன வயதிலிருந்து படித்து வந்தவை. கோரேசு ராஜா அனுமதி கொடுத்தார், பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டிருந்த ஜனங்கள் எருசலேமுக்குத் திரும்பிப் போனார்கள், ஆலயத்தைக் கட்டினார்கள், பிறகு அலங்கத்தைக் கட்டினார்கள் என்கிற அளவில்தான் அந்தக் காலம் மனதில் நின்றிருந்தது. திரும்பிப் போகாதவர்கள் என்ன ஆனார்கள், முதலில் நாடு கடத்தப்படவே படாமல் யூதாவிலேயே இருந்துவிட்டவர்கள் யார், வரி யாருக்குப் போனது, இதெல்லாம் ரொம்ப நாளாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த கேள்விகள். (வேதாகமத்தில் கோரேசு, தரியு, அர்தசஷ்டா என்று வருபவர்கள்தான் வரலாற்றில் சைரஸ், டேரியஸ், அர்தாசெர்க்சஸ். பாடத்தில் இரண்டாவது வகைப் பெயர்கள்தான் வருகின்றன, முதல் வாரம் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.)

முதல் விரிவுரை எருசலேமில் தொடங்கவில்லை. அதிலேயே எனக்குப் பேராசிரியர் மேல் மரியாதை வந்துவிட்டது. எகிப்தின் தெற்கு எல்லையில், அஸ்வானுக்கு எதிரே நைல் நதிக்கு நடுவில் எலிஃபன்டைன் என்று ஒரு தீவு. பாரசீக அரசுக்காக அங்கே எல்லைக் காவல் இருந்த யூதப் படைவீரர் குடும்பங்கள் அராமேயத்தில் எழுதி வைத்த பாப்பிரஸ் சுருள்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதின் தொடக்கத்திலும் கிடைத்தன. அவற்றில் ஒன்று கி.மு. 449-ஆம் ஆண்டுக் கல்யாணப் பத்திரம். மாப்பிள்ளை அசரியாவின் மகன் அனனியா, அங்கிருந்த யாகு தெய்வத்தின் (வேதாகமத்தின் யெகோவாதான்) கோயிலில் ஊழியம் செய்தவர். பெண் தாமெத், எகிப்தியப் பெயர் கொண்டவள், மெசுல்லாம் என்ற யூதரின் அடிமை. அவள் கையோடு கொண்டுவந்த சீரைப் பத்திரம் பட்டியல் போடுகிறது: ஒரு கம்பளி ஆடை, ஒரு கண்ணாடி, ஒரு ஜோடி செருப்பு, கொஞ்சம் எண்ணெய். விலை போட்டுக் கூட்டினால் ஏழு சேக்கல் (அன்றைய வெள்ளி எடை அளவு) வெள்ளிக்குச் சற்று மேல், அதிலும் கம்பளி ஆடை ஒன்றுக்கே ஏழு சேக்கல். இந்தப் பட்டியலைப் பேராசிரியர் எந்த விளக்கமும் சொல்லாமல் மெதுவாக முழுதாக வாசிக்கிறார். ராஜாக்கள் பெயரே ஓடிக்கொண்டிருந்த என் தலைக்குள் ஒரு பெண் செருப்போடு நடந்து வந்த மாதிரி இருந்தது.

அதோடு நிற்கவில்லை. அதே பத்திரத்தில், சபை முன்னால் எழுந்து நின்று ‘இவளை வெறுக்கிறேன்’ என்று அனனியா சொன்னால் அவர் பணம் கட்ட வேண்டும் என்று இருக்கிறது, ‘இவரை வெறுக்கிறேன்’ என்று தாமெத் சொன்னால் அவளும் அப்படியே பணம் கட்டிவிட்டுத் தன் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் இருக்கிறது. அடிமையாக இருந்தவளுக்கு விவாகரத்து உரிமை! 437-இல் இந்தத் தம்பதி குடியேறிய வீட்டை அனனியா வாங்கிய கிரயப் பத்திரம் வருகிறது. எல்லை சொல்லும்போது ஒரு பக்கம் எகிப்தியக் கடவுள் க்னூமின் பகுதி, இன்னொரு பக்கம் யாகுவின் கோயில், இடையில் ராஜவீதி. 427-இல் மெசுல்லாம் தாமெத்தையும் அவள் மகள் யெகோயிஷ்மாவையும் விடுதலை செய்கிறார், ஆனால் தன் கடைசிக் காலம் வரை மகள் மாதிரி இருந்து பணிவிடை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருடம் கழித்துத்தான் அவளுக்கு விடுதலை. இந்தக் கணக்கைப் பேராசிரியர் சொல்லவில்லை, பிடிஎஃப்பில் தேதிகளைப் பார்த்து நானாகப் போட்டது, போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது விரிவுரையும் அதே தீவுதான். 410-இல் க்னூம் கோயில் பூசாரிகள், விதரங்கா என்ற அதிகாரியின் துணையோடு, யாகுவின் கோயிலை இடித்துவிடுகிறார்கள். கல் தூண்கள், வெண்கலக் கீல் வைத்த கதவுகள், கேதுரு மரக் கூரை எதுவும் மிச்சமில்லை. சமூகத் தலைவர் யெதனியா எருசலேமின் பிரதான ஆசாரியன் யோகனானுக்குக் கடிதம் போடுகிறார், பதிலே இல்லை. மூன்று வருடம் கழித்து 407-இல் யூதாவின் ஆளுநர் பகோகிக்கு எழுதுகிறார். அந்தக் கடிதத்தில், இடிந்த நாளிலிருந்து நாங்கள் இரட்டு உடுத்தியிருக்கிறோம், உபவாசமிருக்கிறோம், எங்கள் மனைவிகள் விதவைகள் மாதிரி இருக்கிறார்கள், எண்ணெய் தேய்ப்பதில்லை, திராட்சரசம் குடிப்பதில்லை என்று சொல்லி, சமாரியா ஆளுநர் சன்பல்லாத்தின் மகன்களுக்கும் எழுதியிருக்கிறோம் என்கிறார்கள். நெகேமியா புத்தகத்தில் எதிரியாக வருகிற அதே சன்பல்லாத்து! வந்த பதில் சின்னக் குறிப்பு: கோயிலைத் திரும்பக் கட்டலாம், தானியக் காணிக்கையும் தூபமும் செலுத்தலாம். மிருகபலி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மௌனத்துக்குப் பின்னால் என்ன கணக்கு இருந்திருக்கும் என்பதைப் பேராசிரியர் இருபது நிமிடம் பிரித்துப் பிரித்துக் காட்டுகிறார். பலி எருசலேமில் மட்டும்தான் என்ற எண்ணம், ஆட்டுத்தலை கொண்ட க்னூமின் பூசாரிகளைத் திரும்பச் சீண்ட வேண்டாம் என்ற எச்சரிக்கை, அரசின் அமைதி. பாடத்திலேயே மிகச் சிறந்த இருபது நிமிடம் இதுதான்.

சைரஸ் பற்றிய மூன்றாவது விரிவுரை நேர்மையானது. 1879-இல் பாபிலோனில் எடுக்கப்பட்டு இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சைரஸ் உருளை, ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள களிமண் உருளை, யூதர்களைப் பற்றியோ எருசலேமைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை என்பதை அவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெளிவாக்கிவிடுகிறார். அது பாபிலோனின் தலைமைக் கடவுள் மர்துக்கின் பெயரில், பாபிலோன் மக்களுக்காக எழுதியது. அதே சைரஸை ஏசாயா 45 ‘அபிஷேகம் பண்ணப்பட்டவர்’ என்கிறது. ஒரே ராஜா பாபிலோன்காரர்களுக்கு மர்துக் தேர்ந்தெடுத்தவர், யூதர்களுக்குக் கர்த்தர் தேர்ந்தெடுத்தவர். பாரசீக அரசியல் எப்படி வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது.

திரும்பிப் போகாதவர்கள் பற்றிய கேள்விக்கும் பதில் கிடைத்தது. பாபிலோனியாவில் ‘யூதாவின் ஊர்’ என்று பொருள்படும் ஆல்-யாகூது என்ற ஊரைச் சேர்ந்த, ஆப்பு வடிவ எழுத்தில் எழுதிய களிமண் பலகைகள், மிகப் பழையது கி.மு. 572. வாற்கோதுமை, பேரீச்சை, கடன், குத்தகை, இதுதான் அவற்றில் விஷயம், ஒப்பந்தம் செய்தவர்களிலும் சாட்சிகளிலும் பலர் பெயரில் யாகுவைச் சுமந்துகொண்டு நிலத்தில் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவை முறையான அகழாய்வில் கிடைத்தவை அல்ல, கலைப்பொருள் சந்தை வழியாக வந்தவை என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். அப்புறம் நிப்பூரில் கிடைத்த முராஷு குடும்பத்தின் வணிக ஆவணங்கள், அங்கேயும் ஐந்தாம் நூற்றாண்டில் யூதப் பெயர்கள். எஸ்றா 2 சொல்கிற 42,360 பேர் ஒரே மூச்சில் ஊர் திரும்பிய காட்சி என் மனதிலிருந்து இந்த விரிவுரையோடு போய்விட்டது. சிறு சிறு குழுக்களாக, பல பத்தாண்டுகளாக வந்தவர்கள்தான் நிற்கிறார்கள்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். ஏழாவது விரிவுரையிலிருந்து யெகூத் மாகாணம் (பாரசீக ஆட்சியில் யூதாவுக்கு இருந்த பெயர்) வருகிறது, அங்கேதான் பாடம் தடுக்கி விழுகிறது. எருசலேம் அந்தக் காலத்தில் எவ்வளவு சின்ன ஊர் என்பதை ஆய்வாளர்களின் கருத்து வேறுபாட்டோடு நன்றாகவே சொல்கிறார் (சில நூறு பேர்தான் என்பவர்களும் உண்டு, ஆயிரங்களில் சொல்பவர்களும் உண்டு). ஊர் பெரிதாகக் கிடந்தது, ஜனம் கொஞ்சம், வீடுகள் கட்டப்படவில்லை என்று நெகேமியாவே எழுதியிருக்கிறார், பத்தில் ஒருவரைச் சீட்டுப் போட்டு எருசலேமில் குடியேற்றினார்கள். எருசலேமுக்குத் தெற்கே ராமத் ராகேலில் இருந்த நிர்வாக மையம், ‘யெகூத்’ என்று முத்திரை குத்திய ஜாடிக் கைப்பிடிகள், அங்கிருந்த தோட்டக் குளத்தின் சாந்தில் ஒட்டியிருந்த மகரந்தத்தை வைத்துக் கடாரங்காய் வகை மரம் வளர்ந்ததைக் கண்டுபிடித்தது, எல்லாம் அருமை. ஆனால் அந்த ஜாடிகளில் எண்ணெயும் திராட்சரசமும் நிரப்பியது யார்? நாடு கடத்தப்படாமல் அந்த மண்ணிலேயே உழுதுகொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு மொத்தப் பாடத்திலும் பத்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

நெகேமியா விரிவுரை எனக்குப் பெரிய ஏமாற்றம். அர்தாசெர்க்சஸின் பானபாத்திரக்காரர், 445-இல் ஆளுநராக வருகிறார், ஐம்பத்திரண்டு நாளில் மதில், சன்பல்லாத்து, தொபியா, கேஷேம் ஆகியோரின் எதிர்ப்பு, இதையே முக்கால் மணி நேரமும் ஓட்டிவிட்டார். நெகேமியா 5-ஆம் அதிகாரத்துக்கு இரண்டே வாக்கியம்! எனக்குத் தெரிந்து அந்தக் காலத்துச் சமூகத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டுகிற இன்னொரு பக்கம் வேதாகமத்தில் இல்லை. ஜனங்களும் அவர்கள் மனைவிகளும் கூக்குரலிடுகிறார்கள். சிலர் பஞ்சத்துக்குத் தானியம் வாங்க நிலத்தையும் வீட்டையும் அடமானம் வைத்தவர்கள், சிலர் ராஜாவின் வரியைக் கட்ட வெள்ளி கடன் வாங்கியவர்கள், பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்தாகிவிட்டது, மகள்களில் சிலர் ஏற்கெனவே அடிமைப்பட்டிருக்கிறார்கள், மீட்க வழியில்லை, நிலம் வேறொருவர் கையில். கடன் கொடுத்தவர்கள் வெளியார் இல்லை, சொந்தச் சகோதரர்கள். நானும் என் ஆட்களும்கூடப் பணமும் தானியமும் கடன் கொடுத்திருக்கிறோம் என்று நெகேமியாவே ஒப்புக்கொண்டு, வட்டியை விடுவோம், நிலங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார். எஸ்றா புத்தகத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் வரும் பகுதி, தீர்வை, ஆயம் என்ற மூன்று வரிச் சொற்களுக்குப் பின்னால் இப்படி விற்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பாரசீகர் சகிப்புத்தன்மை உள்ளவர்கள், கோயில் கட்ட விட்டார்கள் என்று ஐந்து விரிவுரை பேசிவிட்டு, அந்த ஏற்பாட்டின் விலையை உழவர்கள் எதைக் கொடுத்துக் கட்டினார்கள் என்பதை விட்டுவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாக ஆகும்.

இரண்டாவது பெரிய குறை, கலப்புத் திருமணம் பற்றிய பத்தாவது விரிவுரை. வேதபாரகன் எஸ்றா எருசலேமுக்கு வந்தது 458-இலா 398-இலா (எந்த அர்தாசெர்க்சஸின் ஏழாம் ஆண்டு என்பதுதான் சிக்கல்) என்ற விவாதத்தை அழகாக நடத்துகிறார். தண்ணீர் வாசலுக்கு முன்னால் நியாயப்பிரமாணத்தை உரக்க வாசித்ததும் லேவியர்கள் ஜனங்களுக்குப் பொருள் விளக்கியதும், ஒரு மதம் பலிபீடத்தோடு நிற்காமல் புத்தகத்தைச் சுற்றியும் கூடத் தொடங்கிய தருணம் என்று அவர் சொல்லும்போது குரலே மாறுகிறது, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்நிய மனைவிகளை அனுப்பிவிடத் தீர்மானித்த எஸ்றா 10-ஐ வெறும் மதத் தூய்மை விஷயமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார். ஒன்பதாம் மாதம், ஜனங்கள் ஆலயத்துக்கு முன்னால் வெட்டவெளியில், அந்தக் காரியத்தாலும் அடைமழையாலும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்த அதிகாரத்தில் ஒரு வரி உண்டு. அதை அவர் வாசிக்கக்கூட இல்லை. திருமணம் மூலம் நிலம் யார் கைக்குப் போகும் என்ற கேள்வியும், யார் சபையைச் சேர்ந்தவர் என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியும் அங்கே இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட என்னைப் பாதித்தது, முதல் விரிவுரையில் அவ்வளவு அன்போடு அறிமுகம் செய்த தாமெத்தை இந்த இடத்தில் அவர் மறந்துவிட்டதுதான். எஸ்றாவின் வழக்கமான தேதியை எடுத்துக்கொண்டால் 458-இல் எருசலேமில் அந்நியப் பெண்களை அனுப்புகிறார்கள். 449-இல் எலிஃபன்டைனில் கோயில் ஊழியர் ஒருவர் எகிப்திய அடிமைப் பெண்ணைப் பத்திரம் எழுதிக் கட்டிக்கொள்கிறார், அவள் மகளுக்கு யாகுவின் பெயர் வைக்கிறார்கள், யாரும் ஆட்சேபித்ததாக ஒரு சுருளிலும் இல்லை. ஒரே பேரரசு, ஒரே தெய்வம், ஒரே தலைமுறை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் யூதர் என்றால் யார் என்பது அந்தக் காலத்தில் இன்னும் முடிவாகாத விஷயம் என்று எவருக்கும் புரிந்திருக்கும். கையில் இரண்டு ஆவணமும் இருந்தும் அதைச் செய்யவில்லை.

மீதி விரிவுரைகள் சுமாரிலிருந்து நன்று வரை. கெரிசீம் மலையில் இருந்த சமாரியர்களின் கோயிலும் சமாரியாவும் அவசரமாக ஓடுகின்றன. நாணயங்கள் பற்றியது ரசிக்கும்படி இருக்கிறது: நான்காம் நூற்றாண்டு யெகூத் வெள்ளிக் காசுகள், பல அரை கிராம்கூடத் தேறாதவை, ஒன்றில் ‘ஆளுநர் எகெசேக்கியா’, இன்னொன்றில் ‘ஆசாரியன் யோகனான்’. அதிகாரம் இரண்டு கைகளில் இருந்தது என்பதை விரல் நுனியில் வைத்துப் பார்த்த மாதிரி. பாரசீக மதத் தாக்கம் பற்றிய விரிவுரையில் அவர் அடக்கமாகப் பேசியதும் பிடித்தது, எதையும் அடித்துச் சொல்லாமல், மொழியில் உறுதியாகத் தெரிவதை மட்டும் வைக்கிறார்: சட்டத்துக்கான ‘தாத்’, தோட்டத்துக்கான ‘பர்தேஸ்’ இரண்டும் ஈரானிய மொழியிலிருந்து எபிரெயத்துக்கு வந்தவை, நிசான், திஷ்ரி முதலிய மாதப் பெயர்கள் பாபிலோனிலிருந்து வந்தவை.

சேவை பற்றி. சப்டைட்டில் படுமோசம், கணினி தானாகப் போட்டதைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள், பெயர்ச் சொல் ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை, காது கேளாதவர்கள் இந்தப் பாடத்தைப் பின்தொடரவே முடியாது, இதை அவர்கள் உடனே சரி செய்தாக வேண்டும். எட்டாவது விரிவுரை பாதியில் நின்று நின்று ஓடியது, வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன், இரண்டு வாரம் பதில் இல்லை, மூன்றாவது முறை எழுதிய பிறகுதான் கோப்பை மாற்றினார்கள். தரவிறக்கம் கிடையாது, ஒரு வருடம் மட்டும் பார்க்கலாம், வாங்கும் பக்கத்தில் இது சின்ன எழுத்தில் கீழே இருக்கிறது, கவனியுங்கள்.

கேள்வி கேட்கும் பெட்டி மட்டும் உண்மையிலேயே வேலை செய்கிறது. நெகேமியா 5-ஐ ஏன் விட்டீர்கள், தாமெத்தின் பத்திரத்தை எஸ்றா 10-க்குப் பக்கத்தில் ஏன் வைக்கவில்லை என்று நீளமாகவே எழுதினேன். ஐந்தாம் நாள் பேராசிரியரே பதில் போட்டார், நியாயமான குறை, விரிவுரையைத் திரும்பப் பதிவு செய்ய இப்போதைக்கு வழியில்லை, பிடிஎஃப்பைத் திருத்துகிறேன் என்று. போன வாரம் இறக்கிப் பார்த்தேன். பத்தாவது பாடத்துக்கான பக்கங்களில் எஸ்றா 10, அடுத்து நெகேமியா 5, அதற்கு எதிர்ப் பக்கத்தில் அந்தக் கல்யாணப் பத்திரம், கம்பளி ஆடை, கண்ணாடி, ஒரு ஜோடி செருப்பு.